வைட்டமின் என்று நான் சொன்ன நாள்

போன மாதம் ஒரு இளம் பெண் டாக்டர் என் வீட்டுக்கு வந்தார். விளையாட்டு வீரர்கள் ஊக்கமருந்தைப் பற்றி மனதுக்குள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறாராம். கையில் நாற்பது கேள்விகள் அச்சடித்த தாள். ‘ஜெயிப்பதுதான் முக்கியம், எப்படி ஜெயித்தோம் என்பது முக்கியமில்லை.’ ஒத்துக்கொள்கிறேன், ஒத்துக்கொள்ளவில்லை என்று கட்டம் போட்டிருந்தது. ஒரு வீராங்கனையாக என்னை நினைத்துக்கொண்டு டிக் அடிக்க வேண்டுமாம்.

“பதினோரு வருஷம் அவங்க பக்கத்துலயே உட்கார்ந்திருக்கீங்க மேடம். அவங்க மனசுல என்ன ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியாம இருக்குமா?” என்றார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுடைய மூத்திரம்தான் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒரு கட்டத்தில்கூட டிக் விழவில்லை. “அப்போ நடந்ததை எழுதியாவது கொடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதுகிறேன். இதில் வரும் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் லேப் டெக்னீஷியன். ராயபுரத்தில் பிறந்து, ராயபுரத்திலேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, வீட்டுக்கும் லேபுக்கும் நடந்தே காலத்தை ஓட்டியவள். காமாலை, சர்க்கரை, கிட்னிக் கல், பிள்ளைத்தாய்ச்சி, எல்லாம் எனக்கு ஒரு சின்ன டப்பாவில்தான் வரும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். என் கணவர் உயிரோடு இருந்தவரை, “கைய நல்லா கழுவினியா பிலோ?” என்று கேட்காமல் ஒரு நாளும் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

விளையாட்டுப் போட்டிகளில் மருந்துச் சோதனைக்கு மாதிரி எடுக்கும் வேலை தற்செயலாக வந்தது. பெண்களிடம் மாதிரி எடுக்கப் பெண்தான் வேண்டும். லீவு நாட்களில் வர முடியுமா என்று கேட்டார்கள். இரண்டு நாள் பயிற்சி. அதில் பாதி நேரம் கூச்சத்தை விடச் சொல்லிக்கொடுத்தார்கள். ஏனென்றால் இந்த வேலையில் பார்க்க வேண்டும். சட்டையை மார்பு வரை சுருட்டி, கையை முட்டி வரை மடித்து, கால்சட்டையை முழங்காலுக்கு இறக்கி, அந்தப் பெண் மாதிரி கொடுப்பதைக் கண்ணால் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். முதல் தடவை அந்தப் பெண்ணைவிட எனக்குத்தான் வேர்த்தது.

எங்களுக்கு மேலே இருந்தவர் டாக்டர் வரதன். சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. போட்டி முடிந்து வரும் பெண்ணை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், அவள் முதுகில் இருக்கும் எண்ணைத்தான் சொல்வார். மூன்று சீல் வைத்த பெட்டிகளை மேசையில் வைத்து, “நீங்களே ஒண்ணு எடுங்க. என் கை படக்கூடாது” என்பார். பாட்டிலில் இருக்கும் எண்ணும் மூடியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று அவளையே வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். தொண்ணூறு மில்லி வேண்டும். முப்பது நீல லேபிள் பாட்டிலில், மீதி ஆரஞ்சு லேபிள் பாட்டிலில். மூடியைத் திருகும்போது கடைசி ‘கிளிக்’ வரும்வரை அவர் மூச்சே விடமாட்டார். பிறகு பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒழுகுகிறதா என்று பார்க்கச் சொல்வார். “ஏதாவது சந்தேகம் இருக்கா?” என்று மூன்று முறை கேட்பார். மூன்று முறையும் ஒரே குரல்தான்.

எங்களுக்கு அவர் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று. ஜெயித்தவளுக்கு வாழ்த்துச் சொல்லாதே, அழுகிறவளுக்கு ஆறுதல் சொல்லாதே. “நம்ம வேலை பாட்டிலோட, பிலோமினா. ஆளோட இல்ல.” எனக்கு அது கல்நெஞ்சமாகத்தான் பட்டது. ஒரு தடவை தங்கம் வாங்கிய ஒரு குட்டிப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். மத்தியானம் முழுக்க டாக்டர் என்னிடம் பேசவில்லை.

முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று முதல் இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஓட்டக்காரி, கைக்குழந்தை மேல் சத்தியம் செய்து, நடுங்கி, மயக்கமே போட்டாள். இவள்தான் என்று முடிவு கட்டினேன். ஒன்றும் இல்லை என்று ரிசல்ட் வந்தது. இன்னொருத்தி ஜாலியாக பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு, என் புடவை எங்கே வாங்கியது என்று விசாரித்தாள். மாட்டிக்கொண்டவள் அவள்தான். அதற்குப் பிறகு முகம் பார்ப்பதை விட்டுவிட்டேன். பாட்டிலைப் பார்ப்பது சுலபமாக இருந்தது.

இனி மேகலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிட்டயர் ஆவதற்கு முந்தின வருடம், சென்னையில் நடந்த தேசிய அளவிலான பளுதூக்கும் போட்டி. மேகலா திருவொற்றியூர்ப் பெண், அப்போது இருபத்திநாலு வயது. அப்பா கண்டெய்னர் லாரி டிரைவர், எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்குள் போக வரிசையில் நின்று நின்றே பாதி வாழ்நாளைக் கழித்தவர். யாரும் எதிர்பார்க்காமல் அன்றைக்குத் தொண்ணூற்றேழு கிலோவைத் தலைக்கு மேல் தூக்கித் தங்கம் வாங்கிவிட்டாள். அந்தத் தங்கம் இருந்தால் விளையாட்டுக் கோட்டாவில் ஒரு அரசு வேலைக்கு அவள் மனுப் போடலாம். வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வருடம்.

மேடையிலிருந்து இறங்கியவளிடம் நான்தான் சோதனைக் கடிதத்தைக் கொடுத்தேன். அந்த நிமிடத்திலிருந்து அவள் என் கண்ணைவிட்டு மறையக் கூடாது. எடை குறைக்க முந்தின நாளிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறாள். மூன்று பாட்டில் தண்ணீர் குடித்த பிறகு வந்தது நாற்பது மில்லி. போதாது. இப்படிக் குறைவாக வந்தால் அதைத் தனியாக சீல் வைத்துவிட்டு, மீதி வரும்வரை காத்திருக்க வேண்டும். சீல் வைப்பதற்கு முன்னால் நான் பார்த்தேன். தண்ணீர் குடிக்காதவளின் மூத்திரம் பால் ஊற்றாத டீ போல இருக்க வேண்டும். இது அப்படி இல்லை, லேசாகப் பச்சை ஓடும் பளீர் மஞ்சள். பி-காம்ப்ளெக்ஸ் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வரும் நிறம். அதை எங்கள் லேபில் நான் பார்க்காத நாள் கிடையாது. சத்து ஊசி போட்டிருக்கிறாள் போல என்று நினைத்ததோடு சரி. விதிப்படி அது தப்பும் இல்லை.

காத்திருக்கும் நேரத்தில், கேட்டில் நிற்கும் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றாள். கூடப் போனேன். பாதி வராந்தாவில் நின்றுவிட்டாள்.

“மேடம், நீங்க ராயபுரமா? பேச்சுல தெரியுது.”

“ஆமா.”

“நா இப்டியே போய்ட்டா இன்னா ஆவும்?”

“மாதிரி கொடுக்காம போனா, மருந்து போட்டு மாட்டினதா அர்த்தம். மெடல் போகும், வருஷக்கணக்குல தடை வரும். டாக்டர் சொன்னாரே.”

“ரெண்டும் ஒன்னுதான? அப்ப போய்ட்றேன். மாட்னா பேப்பர்ல போடுவான். போய்ட்டா, ஒடம்பு முடிலன்னு நைனாகிட்ட சொல்லிக்கலாம்.”

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். தண்டையார்பேட்டையில் ஒரு குடோனுக்குப் பின்னால் அவர்கள் பயிற்சி செய்யும் கூடம். மாஸ்டர் ஆறு மாதமாக ஒருநாள் விட்டு ஒருநாள் ‘பாரின் ஊசி’ போடுகிறார். ஊசி போடும்போது எல்லாப் பெண்களும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். மருந்தின் பேரைக் கேட்கக் கூடாது.

“கேட்டா பவர் போய்டும்பாரு. நாளிக்கி யாராச்சும் இன்னா போட்டேன்னு கேட்டா, தெர்லன்னு சொல்லலாம்ல. அது பொய் இல்லியே.”

“தப்புன்னு தெரியாதா உனக்கு?”

“தெரியும் மேடம். ஆனா நா பாக்கலியே.” வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டாள். “அல்லாரும்தான் போட்டுகினு வர்றாங்க. நா மட்டும் வெறும் ஒடம்போட வந்து தோத்துட்டு நிக்கிறன்னு வெச்சுக்க, நீ நல்ல பொண்ணும்மான்னு யாராச்சும் வேல குடுப்பாங்களா? ஊசி போட்டதும் வாயில சத்து டானிக் மாரி ஒரு வாசன வரும். அது வந்துச்சின்னா எனுக்கு தகிரியம் வந்துரும்.”

வாயில் டானிக் வாசனை. பளீர் மஞ்சள். முப்பது வருட லேப் அனுபவம் எனக்குள் கத்தியது. அந்த மாஸ்டர் விலை கொடுத்து வாங்கும் மருந்தையெல்லாம் போடவில்லை. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சாதாரண வைட்டமினைப் போட்டு இந்தப் பெண்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு குற்றமும் செய்யாத பெண், தான் குற்றவாளி என்று நம்பிக்கொண்டு, ஓடிப்போய் நிஜமாகவே குற்றவாளி ஆகப்போகிறாள். கேட்டுக்கு இன்னும் இருபது அடிதான். வரதன் சாரின் கட்டளை ஞாபகம் வந்தது, வராமல் இல்லை. வைட்டமின் இருப்பதாலேயே அதோடு வேறு எதுவும் இல்லை என்று ஆகிவிடாது என்பதும் தெரியும். ஆனாலும் என்னால் முடியவில்லை.

“அட பைத்தியமே, அது வைட்டமின் ஊசிடி” என்றேன். “கலரைப் பார்த்தேன். எனக்குத் தெரியாதா? ஒண்ணும் ஆகாது, போய் மீதியைக் கொடு.”

அழுவாள், என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்றெல்லாம் நினைத்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

“ஏமாத்திட்டானா?” என்றாள்.

“யாரை?”

பிடி வழுக்காமலிருக்கப் பூசிய வெள்ளைத் தூள் ஒட்டியிருந்த இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்ப இன்னிக்கி தூக்னது?”

“நீயே தூக்கினதுதான்!” என்று பெரிய பரிசு கொடுப்பவள் மாதிரி சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அப்பாவைப் பார்க்காமலே திரும்பி வந்து மீதியைக் கொடுத்தாள். பாட்டில் எண்களை மளமளவென்று படித்தாள். கடந்த ஏழு நாட்களில் எடுத்துக்கொண்ட மருந்துகள் என்ற இடத்தில், ‘ஊசி. பேர் தெரியாது’ என்று எழுதினாள். டாக்டர் மூன்று முறை சந்தேகம் கேட்டார். மூன்று முறையும் இல்லை என்று தலையாட்டினாள்.

எல்லாம் பெட்டிக்குள் போன பிறகு நான் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். மறைத்து வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. டேப் ஒட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

“எழுதிக் கொடுங்க” என்றார். எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். “ஆறுதல் சொல்லாதேன்னு நான் சொன்னது பாட்டிலுக்காக மட்டும் இல்ல, பிலோமினா. எது அவங்களுக்கு ஆறுதல்னு நமக்குத் தெரியாது.” அதற்குப் பிறகு அவர் என்னை ட்யூட்டிக்குக் கூப்பிடவே இல்லை. ரோஷமாக இருந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றியதற்கு இதுதான் மரியாதையா என்று வீட்டில் தனியாக உட்கார்ந்து புலம்பினேன்.

மேகலாவின் ரிசல்ட் சுத்தமாக வந்தது. தங்கம் அவளுக்கே என்று ஆனது. வேலைக்கு மனுப் போட்டாள். நேரில் வந்து தூக்கிக் காட்டச் சொல்லித் தேதி வந்தது. அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்தால் வாசலில் நிற்கிறாள். கோயிலில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

“எம்பத்தஞ்சுக்கு மேல ஏற மாட்டேங்குது ஆன்ட்டி. கழுத்து வரிக்கும் வருது. அதுக்கு மேல, நானா தூக்கறேன்னு நெனப்பு வருது. கை விட்டுப்போவுது.”

“அதே உடம்புதானே? அன்னிக்கும் நீதானே தூக்கின?”

“அன்னிக்கி எனுக்கு அது தெரியாதே.”

காபி போட்டுக் கொடுத்தேன், தொடவில்லை.

“நீ சொல்லாம வுட்டிருக்கலாம் ஆன்ட்டி” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு சட்டைக் கையை மேலே சுருட்டினாள். “நீயே ஒரு ஊசி போடு. எது நெஜமான மருந்துன்னு உனுக்குத் தெரியும்ல. பேரு மட்டும் சொல்லாத.”

திட்டினேன். வெளியே போ என்றேன். பதினோரு வருடம் இதைப் பிடிக்கிற வேலையில் இருந்தவளிடம் வந்து கேட்க எவ்வளவு தைரியம் என்று கத்தினேன். அவள் அசையவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, “இது போச்சின்னா எனுக்கு வேற வழி இல்ல ஆன்ட்டி. உன்னாலதான் வந்திச்சி” என்றாள். அது உண்மை என்பதுதான் என்னைச் சாய்த்தது.

நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். தெரு முனை மெடிக்கல் ஷாப்பில், ஊசி மருந்து கலக்கப் பயன்படுத்தும் சுத்தமான தண்ணீர் ஆம்பூல் ஒன்றும் சிரிஞ்சும் வாங்கி வந்தேன். சமையலறையில் அவள் கண்ணில் படாமல் சிரிஞ்சில் ஏற்றி வந்து போட்டேன். வேண்டுமென்றேதான் பி-காம்ப்ளெக்ஸ் வாங்கவில்லை, நிறம் காட்டிக்கொடுத்துவிடும். வெறும் தண்ணீர் சதைக்குள் போகும்போது நன்றாக வலிக்கும். வலிக்க வலிக்க அவள் முகம் தெளிந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு போன். “ஆன்ட்டி, இந்த வாட்டி மஞ்சளா வர்ல!” அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

தேர்வில் தொண்ணூற்றெட்டு தூக்கினாள். வேலை கிடைத்தது.

நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். என்ன பாவம் என்று ஃபாதர் கேட்டார். ஊக்கமருந்து போட்டேனா? போடவில்லை. பொய் சொன்னேனா? வாயே திறக்கவில்லை. ஒரு நல்ல பெண்ணை, தன்னைத் திருடி என்று நம்ப வைத்திருக்கிறேன் என்று ஒரு மாதிரி சொல்லி முடித்தேன். ஃபாதருக்கும் விளங்கவில்லை போல. ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தைப் பத்துத் தடவை சொல்லச் சொன்னார். இருபதாகச் சொன்னேன்.

அடுத்த வருடம் ஒரு போட்டியில் மேகலாவிடம் திரும்பவும் மாதிரி எடுத்தார்கள். சுத்தமாக வந்தது. ஸ்வீட் பாக்ஸோடு ஓடி வந்தாள். “மாட்டவே இல்ல ஆன்ட்டி! இன்னா கைராசி உனுக்கு!” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அது தண்ணீர்தான்டி என்று நாக்கு நுனி வரை வந்தது. ஒரு தடவை உண்மையைச் சொல்லி என்ன ஆயிற்று என்று பார்த்தவள் நான். அவள் இன்னும் தூக்கிக்கொண்டிருக்கிறாள். ஸ்வீட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். தன்னைத் திருடி என்று நினைத்துக்கொண்டே ஒருத்தி எப்படி இவ்வளவு நிம்மதியாகச் சிரிக்கிறாள், சுத்தமானவள் என்று தெரிந்தபோது ஏன் உடைந்து போனாள் என்று யாராவது எனக்கு விளக்கினால் தேவலை. அந்த டாக்டர் பெண்ணின் தாளில் இதற்கு எந்தக் கட்டமும் இல்லை.

இதுவரை எழுதி வைத்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமை காலை கதவு தட்டும் சத்தம். திறந்தால் பத்தொன்பது இருபது வயதில் ஒரு பெண், தோளில் ஜிம் பை. வியாசர்பாடியிலிருந்து வருகிறாளாம், அவளும் பளுதூக்குகிறவள்தான். உட்காரச் சொன்னேன்.

“மேகலாக்கா அனுப்பிச்சாங்க ஆன்ட்டி. எனுக்கு அடுத்த மாசம் செலக்‌ஷன். நீங்க ஊசி போடுவீங்களாமே, மாட்டாதாமே.”

இந்த ஊரில் யார் மருந்து போடுகிறார்கள் என்று பிடிக்கப் போனவள், யாருக்கு வேண்டுமோ அவர்கள் தேடி வரும் ஆளாகிவிட்டேன். போதும் என்று தோன்றியது. அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேகலாவுக்குப் போட்டது வெறும் தண்ணீர், மருந்தே இல்லை, அவள் தூக்கியதெல்லாம் அவளே தூக்கியது என்று ஒன்று விடாமல் சொன்னேன். மாதா சத்தியமாக என்றும் சொன்னேன்.

கவனமாகக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, ரகசியம் தெரிந்தவள் மாதிரி சிரித்தாள்.

“நீங்க இப்டி ஏதாச்சும்தான் சொல்வீங்கன்னு அக்கா சொன்னாங்க” என்றாள். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.